என் கையும் கடலின் நிறமும்

மார்ச் 3

என் மூத்த தங்கத்துக்கு,

அம்மா எழுதறது. இங்க எல்லாரும் சுகம். அப்பாவோட முழங்கால் வலி மட்டும் வாடகை குடுக்காம குடியிருக்கு. போன்ல பேசினா அவர் ஸ்பீக்கரைப் போட்டுட்டு பக்கத்துலயே உக்காந்துக்கறார். அதான் கடுதாசி. பிழை இருந்தா சிரிக்காதே.

தரகர் ஒரு நல்ல இடம் கொண்டு வந்திருக்கார். பையன் பேங்க்ல வேலை. உன் போட்டோவைப் பார்த்துட்டு அவங்க அம்மா, ‘பொண்ணு தங்கச்சிலை மாதிரி இருக்காளே’ன்னாங்களாம். அதான் ஸ்டுடியோவுல எடுத்தோமே, அந்தப் படம். ஸ்டுடியோக்காரர் கொஞ்சம் வெளுப்பு கூட்டிக் குடுத்தார். மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காதே, ஊர்ல உலகத்துல எல்லாரும் செய்யறதுதான்.

அடுத்த மாசம் பொண்ணு பார்க்க வராங்க. அதுவரைக்கும் வெயில்ல நிக்காதே. கடல்ல இறங்காதே. வேற யாரையாவது இறங்கச் சொல்லு.

ஆபீஸ் கார்டுக்குப் படம் கேட்டியேன்னு அதுலயே ஒரு காப்பி அனுப்பினேனே, ஒட்டிட்டாங்களா?

அன்போட,
அம்மா

*

மார்ச் 12

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். அப்பாவின் முழங்காலைக் கேட்டதாகச் சொல்.

கடலில் இறங்காதே என்கிறாய். இறங்குவதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். நீயாவது துணியைத் தொடாமல் தைப்பாயா?

பக்கத்து வீட்டு அத்தை கேட்டால் ‘கடல்ல படம் புடிக்கிறா’ என்று சொல்கிறாயாம். சரிதான். ஆனால் அதில் பாதி வேலை நிறத்தைக் காப்பாற்றுவது. தண்ணீர் நிறத்தைத் தின்னும் அம்மா. முதலில் சிவப்பைத் தின்னும், அப்புறம் ஆரஞ்சு, மஞ்சள். ஆழத்தில் ஒருநாள் பாறையில் விரல் கீறிவிட்டது. ரத்தம் பச்சையாக வந்தது. மேலே வந்து பார்த்தால் சிவப்பு.

அதனால் கீழே போனதும் ஒரு சாம்பல் பலகையைக் கேமராவுக்கு முன்னால் பிடித்து, ‘இதுதான் சாம்பல், மற்றதையெல்லாம் இதை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்’ என்று அதற்குக் காட்ட வேண்டும். இன்னும் ஆழம் போனால் மறுபடியும் காட்ட வேண்டும். மேலே போட்ட கணக்கு கீழே உதவாது. பலகைக்குப் பிறகு என் புறங்கையையும் காட்டுவேன். மீனும் பாறையும் எப்படியும் இருக்கலாம், என் கை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும் இல்லையா?

நீயும் இதைத்தான் செய்கிறாய். ஜாக்கெட்டுக்கு நூல் எடுக்கும்போது டியூப்லைட்டை நம்பாமல் துணியோடு வாசலுக்குப் போவாய். ஒரு நூலுக்கு அவ்வளவு பார்க்கிறவள், பெற்ற பெண்ணின் படத்துக்குப் பார்க்கவில்லையே.

கார்டில் ஒட்டிவிட்டார்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காவலாளி தினமும் கார்டைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார், மறுபடி கார்டைப் பார்க்கிறார். அப்புறம் பாவம் பார்த்து உள்ளே விடுகிறார்.

அந்தப் படத்தைத் தரகரிடமிருந்து திருப்பி வாங்கு.

உன் மகள்

*

மார்ச் 20

அடியே மகளே,

வீட்டுக்கு வந்தா நாலு பேர் முன்னாடி தலை நிமிர மாட்டே. கடுதாசில மட்டும் எவ்வளவு வாய்.

நூல் மாறினா பிரிச்சுத் தைக்கலாம். இடம் தட்டிப் போனா எதைப் பிரிச்சுத் தைக்கறது? உனக்குப் படிப்பு இருக்கு, வேலை இருக்கு. ஆனா வரவங்க முதல்ல பார்க்கறது படத்தைத்தான். அவங்களை வீட்டுக்குள்ள கூப்பிட அது ஒரு சாக்கு. உள்ள வந்து உன் குணத்தைப் பார்த்துட்டா நிறத்தை யார் பார்க்கப் போறாங்க? நேர்ல கொஞ்சம் பவுடர் போட்டுக்கலாம்.

நான் யாருக்கும் துரோகம் பண்ணலை. கதவு திறக்கட்டும்னு எண்ணெய் விட்டேன், அவ்வளவுதான். படத்தைத் திருப்பி வாங்க முடியாது. அப்பா வாக்கு குடுத்துட்டார்.

அம்மா

*

மார்ச் 29

அன்புள்ள அம்மாவுக்கு,

கோபமாகத்தான் எழுதுகிறேன். முழுசாகப் படி.

போன வாரம் ஒரு பவளப்பாறைத் திட்டைப் படமெடுத்தேன். அங்கே இருக்கிற வகைப் பவளம் உயிரோடு இருந்தால் பழுப்பாக இருக்கும். தண்ணீர் சூடேறிச் செத்தால் வெளுத்துப்போகும். அன்றைக்கு நீரோட்டம் அதிகம். பலகையின் கயிறு அறுந்து, எங்கோ போய்விட்டது. என் கையை மட்டும் காட்டிப் படமெடுத்து அனுப்பினேன்.

நிறம் திருத்துகிறவர் வேறொரு அலுவலகத்தில் இருக்கிறார். என்னைப் பார்த்ததே இல்லை. பலகை இல்லாததால் கையை வைத்துத் திருத்தலாம் என்று நினைத்திருக்கிறார். சரியான யோசனைதான். ஆனால் என் கை எப்படி இருக்கும் என்று அவருக்கு யார் சொன்னது? அலுவலகப் பட்டியலில் இருந்த என் படம். நீ அனுப்பிய படம்.

அந்த முகத்துக்குப் பொருந்தும்வரை என் கையை வெளுத்திருக்கிறார். கையோடு சேர்ந்து கடலும் வெளுத்துவிட்டது.

கூட்டத்தில் படம் ஓடியது. பழுப்புப் பவளம் எல்லாம் எலும்பு நிறத்தில் நின்றது. எங்கள் தலைமை அதிகாரி, “செத்துப்போன திட்டு. இங்கே கப்பல் நங்கூரம் போட அனுமதிக்கலாம்னு எழுதிடலாமா?” என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள்.

நான் எழுந்தேன். “சார், அது செத்துப் போகலை” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. “என்னம்மா?” என்றார். திரைக்குப் பக்கத்தில் போய், திரையில் இருந்த கைக்கு அருகே என் கையை வைத்தேன். “இது என் கை. அதுவும் என் கையாம். இப்ப சொல்லுங்க சார், எது தப்பு?”

பின்னால் யாரோ சிரித்தார்கள். எனக்கு அது வலிக்கவில்லை, அதுதான் ஆச்சரியம். படம் ஓட்டியவரிடம் என் கையைப் பார்த்தே அங்கேயே மறுபடி திருத்தச் சொன்னேன். கை பழுப்பானது. பவளமும் பழுப்பானது. திட்டு பிழைத்தது.

அன்றே கார்டில் படத்தை மாற்றச் சொன்னேன். புதிய சாம்பல் பலகையைப் பிடித்துக்கொண்டு, வெளிச்சத்தில், எதுவும் பூசாமல் எடுத்த படம். ஒன்று இதோடு வைத்திருக்கிறேன். தரகரிடம் இதைக் கொடு. கொடுக்க மாட்டாய் என்றால் பெண் பார்க்க வருகிறவர்கள் ஸ்டுடியோவுக்கே போய்ப் பார்த்துக்கொள்ளட்டும். நான் வர மாட்டேன்.

ஒன்றே ஒன்று செய். இரண்டு படத்தையும் வாசலுக்கு எடுத்துப் போ. பக்கத்தில் உன் கையை வைத்துப் பார்.

உன் நிறத்து மகள்

*

ஏப்ரல் 8

என் மகளுக்கு,

உன் கடுதாசியைப் படிச்சுட்டு அன்னிக்கு ஒரு வேலையும் ஓடலை. அப்பா ரெண்டு தடவை டீ கேட்டார். ரெண்டு தடவையும் தண்ணிதான் கிடைச்சுது.

மறுநாள் நூல் எடுக்க வாசலுக்குப் போனேன். போனவ திரும்பி வந்து ரெண்டு படத்தையும் எடுத்துக்கிட்டேன். நீ சொன்ன மாதிரி கையை வெச்சேன். நீ அனுப்பின படத்துல எது உன் கை, எது என் கைன்னே தெரியலை. ஸ்டுடியோ படத்துல இருந்தவ யாரோ பெத்த பொண்ணு. நான் பெத்ததுக்கு அவகிட்ட ஒரு அடையாளமும் இல்லை. என்னைத்தான் அழிச்சுட்டு உன்னை அனுப்பியிருக்கேன். இது எனக்கு இவ்வளவு நாள் உறைக்கலை.

தரகர் வந்தார். புதுப் படத்தைக் குடுத்தேன். ‘என்னம்மா இது, போலீஸ் ஸ்டேஷன்ல எடுத்த மாதிரி பலகையும் கையுமா நிக்குது’ன்னார். ‘பழசே இருக்கட்டும், இதைக் காட்டினா தட்டிப் போயிடும்’னார். ‘தட்டிப் போகட்டும். வெளுப்புதான் வேணும்னா சுண்ணாம்புக் கடைக்குப் போகச் சொல்லுங்க’ன்னேன். உங்க அப்பா உள்ளேயிருந்து இருமினார். என்ன இருமல்னு நான் கேக்கலை.

தட்டித்தான் போச்சு, படமும் திரும்பி வந்துடுச்சு. ராத்திரி அப்பா உன் படத்தை ரொம்ப நேரம் பார்த்துட்டு, ‘பலகையை இன்னும் கொஞ்சம் நேரா பிடிச்சிருக்கலாம்’னார். சமாதானம்னு வெச்சுக்கோ.

முன்ரூம்ல ஸ்டுடியோ படத்தைக் கழட்டிட்டு உன் படத்தை மாட்டியாச்சு. இன்னொரு வேலையும் செஞ்சேன். அதே ஸ்டுடியோவுக்குப் போய் நானும் ஒரு படம் எடுத்துக்கிட்டேன். என்கிட்ட பலகை ஏது, நூல்கண்டு அட்டையைப் பிடிச்சுக்கிட்டேன். எடுத்து முடிச்சுட்டு ஸ்டுடியோக்காரர், ‘கொஞ்சம் வெளுப்பு கூட்டட்டுமாக்கா?’ன்னு கேட்டார்.

‘கை வெச்சுப் பாருங்க’ன்னேன்.

கை வெக்கலை. படத்தை இதோட அனுப்பறேன். டியூப்லைட்ல பார்க்காதே. வாசலுக்குப் போய்ப் பாரு. பார்த்துட்டுக் கடல்ல இறங்கு.

உன் நிறத்து அம்மா