திரைத்துணிக்குத் தண்ணீர் அடித்தவளுக்கு

அடி என் வாண்டு,

நீ கண்ணை மூடி ஏழு மாதம் ஆகிவிட்டது. இதை எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பச் சொன்னவர் ஆமினா அக்கா. நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் சிரித்துவிட்டுப் போ, உன் அண்ணியைத் தெரியாதா உனக்கு?

இந்த வருஷமும் நம் ஊர் டத்தோ கிராமாட் தெருக் கிடங்கில் படவாரம் நடந்தது. ஏழு நாள், ஏழு ஊமைப்படம். வழக்கம்போல சன்னல்களுக்குச் சாக்கு கட்டி, மத்தியானம் மூன்று மணிக்கு ஆரம்பம். படம் ஓட்டும் மிஷின் இருக்கும் பக்கம் ஆண்கள், வெள்ளைத் துணிக்குப் பின்னால் பெண்கள். துணி நனைந்திருந்தால்தான் படம் நம் பக்கம் தெளிவாக வரும். சுருள் மாற்றும்போதெல்லாம் ஆளுக்கொரு ஏணியில் ஏறிப் பீச்சாங்குழலால் தண்ணீர் அடிப்போமே, அந்த வேலைக்கு ஒரு பெயர் உண்டா? யாரும் எனக்குச் சொன்னதில்லை.

முதல் வருஷம் ஏணி கிடையாது. கைக்கு எட்டியவரை நனைத்தோம். நம் பக்கத்தில் ராஜா, ராணி எல்லோருக்கும் உடம்பு தெரிந்தது, தலை தெரியவில்லை. "அடியே, தலைக்கும் கொஞ்சம் தண்ணி ஊத்துங்கடி!" என்று கத்தினாரே சூலியா தெருச் சாப்பாட்டுக்கடை ஆமினா அக்கா! அடுத்த வருஷம் படத்தில் ஒரு கலியாணப் பந்தியைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, மாப்பிள்ளை இடது கையால சாப்பிடுறான்? பெத்தவ சொல்லிக் குடுக்கலையா?" என்று கேட்டார். நீ ஏணியில் இருந்தபடியே, "ஆம்பளைங்க பக்கம் வலது கைதான் லா அக்கா. நம்ம பக்கம் வந்துதான் கெட்டுப்போயிட்டான்" என்றாய். கிடங்கே சிரித்தது. மிஷின்காரர் சுற்றுவதை நிறுத்திவிட்டு என்னவென்று கேட்டார்.

இந்த முறை படவாரத்துக்கு முன்னால் அதை நடத்தும் சங்கத்துச் செயலாளர் ஐயா வீட்டுக்கு வந்தார். ஆபீசில் கணக்கு எழுதும் அந்த யாழ்ப்பாணத்துக் கிராணிதான், மெதுவாகப் பேசுவாரே. "தங்கச்சி, தனிய ஏலாதெண்டால் பரவாயில்லை. இந்த முறை பெண்டுகள் பக்கத்தை மூடிவிடுவம்" என்றார். நான் சரியென்று தலையை ஆட்டிவிட்டேன். என்ன செய்ய? உன் ஏணியைப் பார்க்கவே என்னால் முடியவில்லை.

மறுநாள் காலை பாசாரிலிருந்து மீன் பையோடு ஆமினா அக்கா வந்து நின்றார்.

"வாண்டுக்காக நீ அழுவுறது சரி. அதுக்கு நாங்கல்லாம் வீட்டுல குந்திக் கெடக்கணுமா? வருஷத்துல ஏழு நாளுதான் லா நான் அடுப்ப விட்டு எந்திரிக்கிறேன்."

"உங்களுக்குப் படம்தான் பெருசா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பையைக் கீழே வைத்தார். "அவ ஏணியில நான் ஏறுறேன். எனக்கு உயரம்னா பயம். நீ புடிச்சிக்க."

"நான் என் ஏணியில நின்னா உங்க ஏணிய எப்படிக்கா புடிக்கிறது?"

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம், வாண்டு. நீ போனபிறகு அன்றுதான் நான் சிரித்தேன். உடனே கிளம்பிப்போய், நம் பக்கத்தை மூட வேண்டாம் என்று செயலாளரிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

முதல் நாள் அக்கா துணியைவிடத் தன்னைத்தான் அதிகம் நனைத்துக்கொண்டார். என் பக்கம் ஈரம், அவர் பக்கம் காய்ந்து கிடந்தது. பாதிப் படம்தான் தெரிந்தது. யாரும் குறை சொல்லவில்லை. இரண்டாவது சுருளுக்கு ஒழுங்காக அடித்துவிட்டார். வெளிச்சம் வந்தது, துணி முழுக்கப் படம் விழுந்தது. பெண்கள் எல்லோரும் ஒன்றாக "ஆ" என்றார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். பிள்ளையை மடியில் போட்டவள், கண்ணாடி போட்ட பாட்டி, புதுப்பெண் என்று அத்தனை முகத்திலும் அந்த வெளிச்சம். கடைசி நாள் மிஷின்காரருக்கும், படம் ஓடும்போது பக்கத்தில் நின்று கதை சொன்னவருக்கும் மாலை போட்டபோது நாங்கள் பின்னால் துணியைப் பிழிந்துகொண்டிருந்தோம். எனக்கு வருத்தமே இல்லை. அந்த முகங்களை மாலை வாங்கியவர்கள் பார்க்கவில்லையே.

இன்னொன்று. கடைசிச் சுருளுக்குத் தண்ணீர் அடித்ததும் வாளிகளை எடுத்து வைக்கப் போய்விடுவோம், ஒரு படத்தின் முடிவையும் நாம் பார்த்ததில்லை. இந்த முறை அக்கா என் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். பெண்டாட்டியை வீட்டை விட்டுத் துரத்திய புருஷன் பல வருஷம் கழித்து வந்து கூப்பிடுகிறான். அவள் மூட்டையை எடுத்துக்கொண்டு அவன் பின்னால் போகிறாள். அவ்வளவுதான், முடிந்தது.

"நானா இருந்தா போவேனா?" என்றார் அக்கா. "புள்ளைக்காகப் போறா, பாவம்" என்றாள் ஒருத்தி. பாதிப் பேர் அழுதார்கள், பாதிப் பேர் திட்டினார்கள். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்து, "நீ என்ன சொல்றே?" என்றார்கள். நான் உன் ஏணியைத் திரும்பிப் பார்த்தேன். எதற்கும் நீ முதலில் சொல்லி, அதை வெட்டி நான் பேசித்தானே பழக்கம்?

அடுத்த வருஷமும் ஏணி ஏறுவேன். என் கை ஓயும்வரை பெண்கள் பக்கத்தை மூட விடமாட்டேன், இது சத்தியம்.

ஆனால் நீ சொல்லடி வாண்டு, அவள் அவன் பின்னால் போயிருக்க வேண்டுமா?

உன் அண்ணன் பெண்டாட்டி,
உன் அண்ணி