பால்கனி வேண்டாம் என்றேன்

கட்டானோ,
நவம்பர், ஞாயிறு காலை

அன்புள்ள நெரெய்டா அக்காவுக்கு,

உன் தங்கை ஸொரைடா எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரரும் நலம் என்றுதான் எழுத வேண்டும். காய்ச்சல், தலைவலி எதுவும் இல்லை. உன் முழங்காலில் போட்ட ஊசி வேலை செய்கிறதா? ஒர்லாண்டோவில் இந்நேரம் குளிர் தொடங்கியிருக்கும். காலை மூடிக்கொண்டு படு.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த வீட்டில் ஓர் அறையில் பேசினால் அடுத்த அறையில் கேட்கும், எஃப்ராயினும் இப்போதெல்லாம் வெளியே போவதில்லை. புயலுக்குப் பிறகு ஒழுகிக்கொண்டே இருந்த கூரைக்குத் தார் பூச இன்று ஆள் வந்திருக்கிறார். எஃப்ராயினும் அவரோடு மேலே நிற்கிறார். காலடிச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கிறது. அது கேட்கும்வரை எழுதுகிறேன்.

செய்தி இதுதான். டிசம்பரில் நாங்கள் கப்பல் சுற்றுலா போகிறோம். எதிர்க்கரையில் சான் ஹுவானில் அந்த வெள்ளைக் கப்பல்கள் வந்து நிற்பதையும் கிளம்பிப் போவதையும் சின்ன வயதிலிருந்து நாம் பார்த்திருக்கிறோம். நீ ஓய்வு பெற்றபோது ஒரு தடவை போய் வந்தாய். நான் முதல்முறையாக ஏறப்போகிறேன். எழுதும்போது சந்தோஷம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. பயமும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, அப்படி இருக்கிறது. தொட்டால் இருக்கிறது, ஆனால் யாருடையதோ போல.

போகலாம் என்று சொன்னது அவர்தான். அதற்கு முந்தின நாள் எதிர்வீட்டு தாட்டி கேட் பக்கம் வந்து நின்றாள். பாவம், ரொம்ப நேரம் வாழைத்தாரைப் பற்றியே பேசினாள். பிறகு, "ஸொரைடா, இந்த வருஷம் கிறிஸ்துமஸ் பாட்டுக்காரங்க உங்க வீட்டு வாசலுக்கு வரட்டுமா, வேணாமா? வந்தாலும் கஷ்டம், வராம போனாலும் கஷ்டம். நீயே ஒரு வார்த்தை சொல்லிடு" என்றாள். எனக்குத் தெரியவில்லை என்றேன். அவர்கள் முன்னால் சுரைக்குடுக்கையைச் சுரண்டித் தாளம் போட்டுக்கொண்டு வருவது எப்போதும் என் மகன்தானே. போன டிசம்பரில் அப்படிப் பாடிவிட்டுத் திரும்பும்போதுதான் நெடுஞ்சாலையில் அந்த லாரி. அமில்கார் இல்லாமல் வரப்போகும் முதல் கிறிஸ்துமஸ் இது. தாட்டி கேட்டது எஃப்ராயின் காதிலும் விழுந்திருக்கும். மறுநாள் காப்பி குடிக்கும்போது, "கப்பல்ல எங்கயாவது போயிடலாமா, கிழவி?" என்றார்.

அவர் அவ்வளவு நீளமாகப் பேசி எத்தனையோ நாள் ஆகியிருந்தது. "ம்", "வேணாம்", "கரண்ட் போயிடுச்சு", இவ்வளவுதான் இந்த வருஷம் முழுக்க. என்னைக் கிழவி என்று அழைத்ததும் வெகு நாளைக்குப் பிறகு. நான் மகிழ்ந்திருக்க வேண்டும். எனக்கோ கை குளிர்ந்துபோனது. ஏன் என்று உனக்குச் சொல்லவேண்டுமானால், இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும்.

செப்டம்பரில் ஒருநாள் தாட்டியின் கணவர் இவரைக் கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்து வந்தார். பாலோ செக்கோ கடற்கரையில், சட்டையோடும் ஷூவோடும், மார்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாராம். என்ன ஆச்சு என்று கேட்டேன். "வெயில் ஜாஸ்தியா இருந்துச்சு" என்றார். உப்புப் போக ஷூவைக் கழுவிச் சுவர்மேல் காயவைத்தேன். அதைப் பற்றி அப்புறம் நாங்கள் பேசவில்லை.

இப்படிப்பட்டவர் கடலுக்குப் போகலாம் என்கிறார்.

போன வியாழக்கிழமை டிக்கெட் போடும் ஆபீசுக்குப் போகப் படகில் அக்கரை போனோம். எத்தனை வருஷம் அவரே ஓட்டிய படகு. டிக்கெட் கிழிக்கிறவர்கூட, "என்ன கேப்டன், உங்க நாற்காலி காலியாத்தான் இருக்கு, மேல வாங்க" என்றார். இவர் தலையை மட்டும் அசைத்தார். நான் கம்பிப் பக்கம் உட்கார்ந்து, அவரை உள்பக்கம் உட்காரவைத்தேன். காற்று வேண்டும் என்று சாக்குச் சொன்னேன்.

ஆபீசில் கைஷ்லா என்று ஒரு பெண். நகமெல்லாம் ஆரஞ்சு நிறம். நல்ல பெண். முதல் தடவை என்றதும், "அப்போ எல்லாத்தையும் எங்கிட்ட விட்டுடுங்க டோன்யா ஸொரைடா, திரும்பி வந்து அடுத்த கப்பல் எப்போன்னு கேப்பீங்க பாருங்க" என்றாள். வரிசையாகக் கேட்டாள். எந்தத் தீவுகள்? சீக்கிரச் சாப்பாடா, தாமதமாகவா? தனி மேசையா, மற்றவர்களோடு சேர்ந்தா? நான் எல்லாவற்றுக்கும் "எதுவானாலும் சரி" என்றேன். சீட்டாட்டத்தில் யாருக்கோ பதிலாக நான் ஆடுவதுபோல் இருந்தது. "ஏதாச்சும் விசேஷமா? கல்யாண நாள், பிறந்த நாள்? சொன்னா கேக் கொண்டாந்து பாடுவாங்க" என்றாள். எஃப்ராயின், "பாட்டு வேண்டாம்மா" என்றார்.

பிறகு அவரே கேட்டார்: "கரையில நிக்காம நெறய நேரம் கடல்லயே போறமாதிரி எது இருக்கு?" அப்படி ஒன்று இருந்தது, தெற்கே வெகுதூரம் போவது. அதையே போடச் சொன்னார். அறை எப்படி வேண்டும் என்று கேட்டபோது, "பால்கனி இருக்கிற அறையா குடு" என்றார்.

நான் வேண்டாம் என்றேன். உள்ளே இருக்கும் அறை போதும், ஜன்னலே வேண்டாம் என்றேன். கைஷ்லா, "ஐயோ டோன்யா, பால்கனி இல்லாம கப்பல்ல போறது கல்யாண வீட்டுக்குப் போய் வாசல்லயே நின்னுட்டு வர்ற மாதிரி" என்றாள். "குளிரும்" என்றேன். கரீபியன் கடலில் குளிரும் என்றேன், அக்கா. அவள் சிரித்தாள். நாங்கள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

அவர் என் பக்கம் திரும்பினார். "நான் என்ன பண்ணிடுவேன்னு நெனைக்கிற?" என்றார், மெதுவாக. நான் அவள் மேசைமேல் இருந்த கப்பல் பொம்மையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெண் பேச்சை மாற்ற நினைத்திருப்பாள். "அவசரம்னா யாருக்குத் தகவல் சொல்லணும்? பேர் மட்டும் சொல்லுங்க" என்றாள். ஆஸ்பத்திரியானாலும் பேங்க் ஆனாலும் அந்த இடத்தில் நாங்கள் சொல்வது ஒரே பெயர்தான். இருவரும் வாயைத் திறந்தோம். இருவரும் மூடிக்கொண்டோம். அப்புறம் நான் உன் பெயரைச் சொன்னேன். உன்னைக் கேட்காமல் சொல்லிவிட்டேன். கைஷ்லா காகிதக் கைக்குட்டைப் பெட்டியை என் பக்கம் தள்ளினாள். எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. என் கண் காய்ந்துதான் இருந்தது.

காப்பி குடித்துவிட்டு வருகிறோம் என்று எஃப்ராயின் எழுந்தார். சதுக்கத்தில் புறாக்களுக்கு நடுவே ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். காப்பி வாங்கவில்லை. அவர் பேச ஆரம்பித்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"பால்கனி எனக்கில்ல. நான் பாக்காத தண்ணியா? உனக்குத்தான் கேட்டேன். புள்ளைய அடக்கம் பண்ணிட்டு வந்து ஜன்னலயெல்லாம் மூடுனவ நீ, இன்னும் தொறக்கல. பட்டப்பகல்ல லைட்டப் போட்டுக்கிட்டு சமைக்கிற. அன்னிக்கு ஒருநாள் கேஸைத் தொறந்து விட்டுட்டு, தீக்குச்சி கொளுத்தாம அப்படியே நின்னுட்டிருந்த. நான் வந்துதான் மூடுனேன். என்னடி பண்றேன்னு கேட்டா, அரிசி எங்கன்னு கேக்குற. அன்னிலேர்ந்து நான் வீட்ட விட்டு எங்கயும் போறதில்ல. கவனிச்சியா?"

நான் கவனிக்கவில்லை. அவருக்கு உடம்பு முடியவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். குச்சியை மறந்துவிட்டேன் என்றேன். மறந்துதான் போயிருப்பேன். அப்படித்தான் நினைக்கிறேன், அக்கா.

அப்படியானால் செப்டம்பரில் நடந்தது என்ன என்று கேட்டேன். "எனக்கே சரியாத் தெரியல. நடந்தேன். தண்ணி வெதுவெதுன்னு இருந்துச்சு. தாட்டி புருஷன் கூப்பிட்டான், திரும்பிட்டேன்" என்றார். கடலிலேயே இருக்கும் கப்பல் எதற்கு என்றும் கேட்டேன். "எந்தத் தீவுல எறங்கினாலும் கிறிஸ்துமஸ் பாட்டு இருக்கும், அதுக்குத்தான்" என்றார். அது எனக்குத் தோன்றவே இல்லை. பிறகு அவர், "ஆக, நீ என்னைக் காவல் காக்குற, நான் உன்னைக் காவல் காக்குறேன். ரெண்டு பேருக்கும் நல்ல வேலைதான்" என்றார். அது நகைச்சுவை. பழைய எஃப்ராயினின் நகைச்சுவை. என் முகம் சிரித்தது என்று நினைக்கிறேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கை தெரிந்தது, சூடு தெரியவில்லை.

திரும்பிப் போய், இரண்டுக்கும் நடுவே ஒன்று இருக்கிறதா என்று கேட்டோம். இருந்தது. வட்டமான ஜன்னல் உண்டு, கடல் தெரியும், வெளிச்சம் வரும், ஆனால் திறக்காது. அதைப் போடச் சொன்னோம். கைஷ்லாவுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் நல்ல தேர்வு என்றாள்.

உன்னிடம் கேட்க வேண்டியவை சில உண்டு. இரவுச் சாப்பாட்டுக்குக் கட்டாயம் நல்ல உடை போட வேண்டுமா? அவரிடம் இருப்பது அடக்கத்தன்று போட்ட கோட்டு மட்டும்தான், அதை நான் எடுத்துவைக்க மாட்டேன். வாந்திக்கு நீ போட்ட மாத்திரையின் பெயர் என்ன? கப்பலில் கிறிஸ்துமஸ் அன்று மேளதாளம் வைப்பார்களா? வைத்தால் அறையில் இருந்துகொள்ளலாமா, யாராவது வந்து கூப்பிடுவார்களா? தாட்டியிடம் நாங்கள் ஊரில் இருக்கமாட்டோம் என்று சொல்லிவிட்டேன். அவளுக்கு நிம்மதி. கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எங்கள் வாசலில் பாடாமல் தாண்டிப் போகச் சொல்வதாகச் சொன்னாள்.

மேலே காலடிச் சத்தம் நின்றுவிட்டது. இரு, பார்த்துவிட்டு வருகிறேன்.

ஒன்றுமில்லை. உட்கார்ந்து தண்ணீர் குடிக்கிறார்கள்.

அக்கா, எங்கள் அறைக்கு நேர் எதிரே ஓர் அறை காலியாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை வரை யாருக்கும் கொடுக்காமல் வைக்கிறேன் என்று கைஷ்லா சொன்னாள். உன் பிள்ளைகள் பண்டிகைக்கு உன்னை எதிர்பார்ப்பார்கள், தெரியும். உன் முழங்காலும் தெரியும். கப்பலில் லிஃப்ட் இருக்கிறதாம். ஆனாலும் நீ வா. எங்களைத் தேற்ற வேண்டாம், எங்களோடு பேசிக்கொண்டிருக்கவும் வேண்டாம். நீ பாட்டுக்குச் சீட்டாடு, நீச்சல் குளத்தில் காலை நனைத்துக்கொண்டு உட்கார். காலையில் ஒரு தடவை மட்டும் எங்கள் கதவைத் தட்டி, எழுந்துவிட்டீர்களா என்று கேள். ஒருவர் குரல் கேட்டதும் போய்விடாதே. இரண்டு பேரும் பதில் சொல்லும்வரை தட்டு.

கடவுள் உன்னையும் பிள்ளைகளையும் காப்பாராக. உன் பதிலுக்குக் காத்திருக்கும்,

உன் தங்கை
ஸொரைடா