அத்தை வீட்டு முகவரி

சான் சால்வடோர்

என்னவருக்கு,

நம் பையன் எட்கார்டோ ஏன் போனை எடுப்பதில்லை என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். எனக்குப் பேச வாய் வரவில்லை. ஹூஸ்டனுக்குப் பாலாடைக்கட்டி கொண்டுவருகிற ஆளிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

போனிலேயே ஆங்கிலம் படித்தான். வேலை தேடும் தளத்தில் நீலச் சட்டையோடு படம் போட்டான். நம் பேட்டைப் பெயரைப் பார்த்தால் எவனும் கூப்பிட மாட்டான் என்று உங்கள் அக்கா வீட்டு முகவரியைக் கொடுத்திருந்தான். உடனே நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள்.

போகிற வழியில் நம் பேட்டைக் கும்பல் பஸ்ஸில் ஏறியது. எல்லாம் புதுப் பையன்கள், அவனை அடையாளம் தெரியாது. நடந்ததைப் பக்கத்து இருக்கையில் இருந்த பெண்தான் சொன்னாள்.

"எந்தப் பேட்டைடா நீ?"

"உங்க பேட்டைதாண்ணே."

"போனைக் காட்டு. எதிராளிங்க பேட்டைன்னு நீயே எழுதி வச்சிருக்கியேடா! வேவு பாக்க வந்தியா?"

இறக்கிக் கொண்டுபோனார்கள்.

நீலச் சட்டை கசங்கக் கூடாது என்று பையில் மடித்து வைத்திருந்தான். அது கறையில்லாமல் வந்தது. அதைப் போட்டுத்தான் அடக்கம் செய்தோம்.

நீங்கள் வர வேண்டாம். வந்தால் மறுபடி எல்லை தாண்ட முடியாது. சின்னவள் படிக்க வேண்டும்.

அந்த முகவரியைப் போடச் சொன்னது யார் என்று உங்கள் அக்கா அழுதுகொண்டே கேட்டார். அவனாகத்தான் போட்டுக்கொண்டான் என்று சொல்லிவிட்டேன். நீங்களும் அப்படியே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அவன் அம்மா