அவளுக்கு ஒரே வசனம்

என்னங்க,

அக்கா வீட்டுக்குப் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டேன். ஆனால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. இந்த நாலு வரி எழுதுவதற்குள் பால்கனிக்கும் அறைக்குமாக நடந்துகொண்டே இருக்கிறேன்.

ஒலிப்புத்தகத்துக்காக நான் வாசிக்கும் அந்த நூறு வருஷத்துப் பழைய நாவல் முடியப்போகிறது. ஆளுக்கொரு குரல் கொடுத்து வாசிக்க வேண்டும். ஊரையே மிரட்டும் பண்ணையாருக்கு உங்கள் சித்தப்பாவின் செருமலைத்தான் போட்டிருக்கிறேன். அவரிடம் சொல்லிவைக்காதீர்கள்.

கதாநாயகனின் மனைவிக்குத்தான் குரல் அமையவில்லை. புத்தகம் முழுக்க அவளுக்கு ஒரே வசனம், "சரிங்க." கடைசியில் அவன் வெளியூரில் வேலையை ஒப்புக்கொண்டு வந்து, "எல்லாம் பேசி முடிச்சாச்சு, மூட்டையைக் கட்டு" என்கிறான். அதற்கும் அதேதான்.

நேற்று அந்த இடத்தில் ஒலிப்பதிவாளர் திரும்பத் திரும்ப நிறுத்தினார். "மேடம், கோபமா வருது. அந்தக் காலத்துப் பொம்பளைங்க இப்படியா சொல்லியிருப்பாங்க?"

"இப்படித்தாங்க சொல்லியிருப்பாங்க. யாரும் காது கொடுத்துக் கேட்டிருக்க மாட்டாங்க" என்றேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன வாரம் மாற்றல் உத்தரவோடு வந்து நீங்களும் "எல்லாம் பேசி முடிச்சாச்சு" என்றீர்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு லாரிக்கும் சொல்லிவிட்டீர்கள்.

நாளை அந்த வரியை மறுபடி வாசிக்க வேண்டும். அவள் சொல்லித்தான் தீர வேண்டும். பாவம், அச்சில் ஏறிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை லாரி வந்தால், உங்கள் சாமான்களை மட்டும் ஏற்றச் சொல்லுங்கள்.

உங்கள் மனைவி