காற்றுப் படகில் ஓர் இருக்கை

என் செல்ல மருமகள் நோல்ஃபாவுக்கு,

காணிக்கை மாதா உன்னைத் தன் முக்காட்டுக்குள் வைத்துக் காக்கட்டும். அத்தை எதெல்மிரா எழுதுகிறேன். நான் சுகம். உன் அப்பா சுகம். ஆடு கோழியெல்லாம் சுகம், சிவப்புக் கோழியைத் தவிர. அது அடைகாக்கிறேன் என்று என் கம்பளிக் கூடையில் ஏறிப் படுத்துக்கொண்டு யாரையும் அண்ட விடுவதில்லை. போனில் சொல்லலாம்தான். சிக்னலுக்கு மேட்டு மேய்ச்சல் வரை ஏற வேண்டும், அங்கே நின்று கத்தினால் தீவு முழுக்கக் கேட்கும். இது உனக்கு மட்டும் சொல்ல வேண்டியது.

உன் கடிதத்தை உன் அப்பா எலெயோதோரோவுக்குப் படித்துக் காட்டினேன். ஏப்ரலில் வந்து அவனை நீ இருக்கிற புந்தா அரேனாஸ் நகரத்துக்கே கூட்டிப் போகிறேன் என்றும், வீட்டில் லிப்ட் இருக்கிறது, குளிருக்கு ஹீட்டர் போட்டிருக்கிறார்கள், பக்கத்திலேயே ஆஸ்பத்திரி என்றும் எழுதியிருந்தாய். நல்ல மனசு உனக்கு. அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தான். கடலில் முங்கப் போய்க் கால் விளங்காமல் போனதிலிருந்து அந்த ஜன்னல்தான் அவனுக்கு எல்லாம் என்று உனக்குத் தெரியுமே. அப்புறம் மெதுவாக, "அக்கா, அங்க அவ வீட்டு ஜன்னல்லேர்ந்து கடல் தெரியுமா?" என்று கேட்டான். எனக்கு என்ன தெரியும்? தெரியும் என்று சொல்லிவைத்தேன்.

மறுநாள் காலை, மீன் பண்ணைக்காரர்கள் கழித்துப் போட்டிருந்த சின்ன காற்றுப் படகைக் கொண்டுவந்து தரச் சொல்லி ஆள் அனுப்பினான். சாம்பல் நிற ரப்பர் படகு, இரண்டு துடுப்பு. உட்கார ஒன்றும் கிடையாது. கால் இருக்கிறவர்கள் மண்டி போடுவார்கள், இல்லை விளிம்பில் குந்துவார்கள். இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லாதவன் எங்கே உட்காருவான்? அதற்கு முதுகு வைத்த ஒரு இருக்கை பொருத்தப்போகிறேன் என்றான். நான் மாதாவைக் கும்பிட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். நான் வாயை மூடியதை நீ நம்பமாட்டாய்.

சைப்ரஸ் பலகை ஒன்றை இழைத்தான். முதுகுக்கு என் சமையலறை நாற்காலியை அறுத்தான், கேட்காமலேயே. மட்டி எடுக்க முங்கின காலத்தில் அவன் கட்டுகிற ஈயக் கச்சை இருந்ததே, அதில் ஈயத்தைக் கழற்றிவிட்டு வாரை மட்டும் இடுப்புக்கு எடுத்துக்கொண்டான். படகின் இரண்டு பக்கமும் ரப்பர் மடிப்பு ஒட்ட வேண்டும். படகு பாதி ஊதியிருக்கும்போது பலகையை அந்த மடிப்பில் நுழைத்துவிட்டு, மீதிக் காற்றை ஏற்றினால் பக்கங்கள் உப்பிப் பலகையைக் கவ்விக்கொள்ளும். அவ்வளவுதான். ஓர் ஆணி கிடையாது. எப்படிடா நிற்கும் என்றேன். "காத்துதான் பிடிக்குது அக்கா. ஆணி அடிச்சா அப்புறம் படகு ஏது, கிழிஞ்ச பைதான்" என்றான். விறைத்த பிறகு நான் அதன் மேல் ஏறிக் குதித்துப் பார்த்தேன், நோல்ஃபா. என் எடை உனக்குத் தெரியும். அசையவில்லை.

பசை காய ஈரம் ஆகாது. நம் ஊரில் ஈரமில்லாத இடம் எது? விறகடுப்புப் பக்கம்தான். ஆகவே படகு அடுப்படிக்குள் வந்தது. ரொட்டியெல்லாம் பசை வாசனை. மாதா திருநாள் விஷயமாக உபதேசியார் பெலிசாரியோ வந்தார். உட்கார வேறு இடமில்லாமல் படகுக்குள்ளேயே உட்கார்ந்து மாத்தே டீ குடித்தார். "பிரளயம் வர்றதுக்குள்ள அடுப்படியிலயே பேழை கட்டிட்டீங்களே" என்றார். கோயில் பக்கமே போகாத உன் அப்பா, "ஜோடி ஜோடியாத்தான் ஏத்துவோம் உபதேசியாரே, வீட்டம்மாவையும் கூட்டிட்டு வாங்க" என்றானே பார். எத்தனை காலம் கழித்து ஒரு வேடிக்கைப் பேச்சு! நான் முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

அப்புறம்தான் புத்தி வந்தது. ஊதிய படகு வாசலில் நுழையாது. காற்றை இறக்கினால் இருக்கை கழன்றுவிடும், இவ்வளவு கச்சிதமாக மறுபடி அமையாது என்று அவன் ஒரே பிடியாக நின்றான். சரி என்று ஊரைக் கூப்பிட்டேன். மாடு பூட்டி மரவீட்டையே இழுத்துக்கொண்டு போய் வேறு மேட்டில் வைக்கிற ஜனங்களுக்கு ஒரு ஜன்னலைக் கழற்றுவதா கஷ்டம்? பத்துப் பேர் வந்தார்கள், சட்டத்தோடு கழற்றினார்கள், படகை வெளியே நீட்டினார்கள், மில்காவ் உருளைக்கிழங்கு அடையும் சாராயமும் சாப்பிட்டுவிட்டு ஜன்னலைத் திரும்ப மாட்டினார்கள். அவன் பார்த்துப் பார்த்துத் தேய்ந்த அதே ஜன்னல்.

இனிதான் நான் சொல்ல வந்தது. திருநாளன்று மாதா சுரூபத்தை லாஞ்சில் ஏற்றி எதிர்த்தீவுக் கோயிலுக்குக் கொண்டு போனோம். உன் அப்பாவை மிதவைச் சட்டை போட்டு, வாரைக் கட்டி, தண்ணீரில் இறக்கிவிட்டோம். அவனாகவே துடுப்புப் போட்டான். கொடி கட்டிய லாஞ்சுகளுக்குப் பக்கத்தில் அந்தச் சின்னப் படகு வாத்துக் குஞ்சு மாதிரி வந்தது. நான் சுரூபத்துக்குக் காலடியில் நின்று, ஜெபமாலையை விட்டுவிட்டு அவனையே பார்த்தேன்.

இரண்டு தீவுக்கும் நடுக்கடலில் அவன் சாய ஆரம்பித்தான். அடுப்புச் சூட்டில் ஊதிய காற்று, கடல் குளிரில் சுருங்கிப்போயிருக்கிறது. பக்கங்கள் தளர்ந்தன, பலகை பிடி விட்டது, முதுகு மடங்கியது, அவன் மல்லாந்துவிட்டான். நான் போட்ட சத்தத்தில் எல்லா லாஞ்சும் எஞ்சினை அணைத்தன. கயிறு போடுகிறோம் என்றார்கள். "எவனும் கயிறு போடாதீங்க" என்று படுத்தபடியே கத்தினான். பக்கத்தில் நான் வைத்த பம்பைக் கையால் துழாவி எடுத்தான். எடுத்துப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"ஏன் அக்கா, கால் பம்பை வச்சு அனுப்பியிருக்கியே, இத மிதிக்க நீ வர்றியா?"

படகோடு வந்த பம்பு அதுதான், நோல்ஃபா. எனக்கும் தோன்றவில்லை, பத்துப் பேரில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

அவன் பம்பிலிருந்து குழாயைப் பிடுங்கினான். ஒரு முனையைத் தலைமாட்டில் இருந்த காற்றுத் துளையில் செருகினான். மறுமுனையை வாயில் வைத்தான். எத்தனை வருஷம் அப்படியே குழாயைக் கடித்துக்கொண்டு, மேலே படகிலிருந்து வருகிற காற்றை நம்பி மட்டி எடுக்க முங்கினவன். இப்போது ஊத ஆரம்பித்தான். ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள், சுரூபத்துக்கா அவனுக்கா தெரியாது. தண்ணீர் மேல் அவன் மூச்சுச் சத்தம் மட்டும். ஊதுவான், நாக்கால் அடைத்துக்கொண்டு இளைப்பாறுவான், மறுபடி ஊதுவான். பக்கங்கள் கொஞ்சம் கொஞ்சமாக உப்பின. பலகை கிறீச்சென்றது. வார் இறுகியது. ஊத ஊத, நோல்ஃபா, அவனுடைய மூச்சே அவனைத் தூக்கி உட்கார வைத்தது. என் கண்ணால் பார்த்தேன். கடலடியிலிருந்து வேகமாக மேலே வந்ததில் ரத்தத்தில் காற்றுக் குமிழி கட்டி முதுகுத்தண்டில் நின்றுவிட்டது என்று டாக்டர் அன்றைக்குச் சொன்னாரே. அதே காற்றுதானே இதுவும். ஆண்டவர் களிமண்ணில் ஊதி மனுஷனை எழுப்பினார் என்று சின்ன வயசிலிருந்து கேட்டிருக்கிறேன். எப்படி ஊதியிருப்பார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. லாஞ்சிலேயே முழங்காலிட்டேன்.

நேரே நிமிர்ந்ததும் குழாயைத் துப்பிவிட்டு, "என்ன எல்லாரும் செத்த வீடு மாதிரி நிக்கிறீங்க, மாதாவுக்கு நேரமாகுது" என்றான். அவன் முன்னால் போகட்டும் என்று உபதேசியார் கை காட்டினார். லாஞ்சுகள் எல்லாம் எஞ்சினைச் சின்னதாக வைத்துக்கொண்டு அவன் பின்னாலேயே போயின. மாதாவும்தான்.

இப்போதெல்லாம் வாசலுக்கு வெளியே, குளிரிலேயே ஊதுகிறான். கைப்பம்பு வந்துவிட்டது. நேற்றிலிருந்து இரண்டாவது பலகை இழைக்கிறான், படகின் முன்பக்கத்துக்கு, அவனைப் பார்த்து உட்காரும்படி. யாருக்கு என்று கேட்டேன். "சாமான் வைக்க" என்றான். சாமானுக்கு யாராவது ஆட்டுத்தோல் விரிப்பார்களா? உன் இடுப்பகலம் எவ்வளவு இருக்கும் என்று வேறு என்னிடம் விசாரிக்கிறான்.

ஏப்ரலில் கட்டாயம் வா, மகளே. அவனைக் கூட்டிப் போகத்தான் வருகிறாய் என்றாலும் வா. நான் தடுக்கமாட்டேன், மாதா சித்தம். கடல் உள்வாங்கிக் கிடக்கிற வற்றம் நேரத்தில் லாஞ்ச் கரைக்கு வராது, நடுவில் நிற்கும், தெரியுமே. இறக்கிவிட நாலைந்து பேர் படகோடு வந்து உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். வேறு யார் படகிலும் ஏறிவிடாதே.

மாதாவின் ஆசீருடன்,
உன் அத்தை
எதெல்மிரா