கறுப்புத் தரை, வலது பக்கம்

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் உன் மனைவி என்னை அழைத்து ஒரு துணிப்பையைக் கொடுத்தார். உள்ளே உன் கையுறைகள், தலைக்கவசம், அடியில் நம் பந்தயத்தின் அந்த வழிப்புத்தகம். ஈப்போவில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்துப் பிரித்தேன். மடிப்பிலிருந்து செம்மண் கொட்டியது. வழக்கம்போல ஈரத்துணியை எடுத்துத் துடைக்கத் தொடங்கினேன். பாதி துடைத்த பிறகுதான் அது எந்த மண் என்று உறைத்தது. மீதியை விட்டுவிட்டேன். என் மனைவி இப்போது மேசையின் அந்த மூலையில் தட்டு வைப்பதில்லை.

ஐம்பதைத் தாண்டிய பிறகு நமக்கு அந்த ஆசை வந்தது. உனக்கு வந்தது, நான் ஒட்டிக்கொண்டேன். ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுப் பாலைவனத்தில் பிக்கப் வண்டிகளுக்கு ஒரு பந்தயம். புதியவர்களுக்குத் தனிப் பிரிவு உண்டு என்று காப்பிக்கடையில் கைப்பேசியை நீட்டினாய். இளவயதில் காம்பாரில் மணல் லோரி ஓட்டியவன் நீ. பிறகு சுங்காய்த் தோட்டங்களில் செம்பனைக் குலை ஏற்றினாய். நானோ செய்தி எழுதுவதைத் தவிர வேறெதுவும் அறியாதவன். "நீ பக்கத்துல உக்காந்து வழி படி மச்சான். படிக்கிறதுதானே ஒன் வேலை," என்றாய்.

ஒரு தோட்டம் கழித்துப் போட்ட பிக்கப்பை ராணியிடம் கொண்டு போனோம். கோப்பெங் சாலையில் அவளுடைய பட்டறை. கிளட்ச் வேலை என்றால் பாகான் செராயிலிருந்துகூட லோரிகள் அவளைத் தேடி வரும். வண்டியைச் சுற்றி வந்து, அடியில் படுத்துப் பார்த்து, எழுந்து கை துடைத்தாள். "அண்ணே, இது வண்டி இல்லலா. துரு." ஆனாலும் ஏழு மாதம் உழைத்து அதை வண்டியாக்கினாள். அந்த கிளட்சை மட்டும் மூன்று முறை பிரித்துப் பூட்டினாள்.

ஞாயிறு காலைகளில் காம்பாருக்கு வெளியே, ஈயம் தோண்டிக் கைவிட்ட லம்பத்தில் பழகினோம். கண் கூசும் வெள்ளை மணல், நடுநடுவே பச்சைக் குட்டைகள். "பாலைவனம்னா என்னா? தண்ணி இல்லாத லம்பம், அவ்ளோதான்," என்று அறிவித்தாய். "ஆமாண்ணே, ஒட்டகத்தை மட்டும் நான் வாடகைக்கு எடுத்துட்டு வாரேன்," என்றாள் ராணி.

லம்பத்தில் உனக்கு ஒரே சட்டம். வெள்ளை மணலில் போகலாம்; கறுத்துத் தெரியும் தரையைத் தொடக்கூடாது. கறுப்புக்கு அடியில் சேறு, சேற்றுக்கு அடி கிடையாது. உன்னோடு மணல் ஏற்றிய ஒருவர் லோரியோடு அதில் இறங்கியதை நீ கரையில் நின்று பார்த்திருக்கிறாய். அந்தக் கதையை என்னிடம் ஒரே ஒருமுறைதான் சொன்னாய். ஆனால் தூரத்தில் கறுப்பு தெரிந்ததும் உன் கை தானாகவே திரும்புவதை ஒவ்வொரு ஞாயிறும் பார்த்தேன்.

ராணிக்கும் ஒரு சட்டம் இருந்தது. அதை எனக்காகவே போட்டாள். "பேப்பரண்ணே, நீங்க படிக்கிறதை அவரு வாயால திருப்பிச் சொல்லணும். சொல்லலேன்னா காதுல விழலன்னு அர்த்தம். மறுபடி படிங்க. ஏசினாலும் படிங்க." நான் "இடது வளைவு" என்பேன். நீ "இடது வளைவு" என்பாய். பள்ளிப் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் இருந்தது. சிரித்துக்கொண்டே பழகினோம்.

ஆறு ஆண்டுகளுக்கு முன், வண்டியைக் கப்பலில் அனுப்பிவிட்டு, ராணியையும் கூட்டிக்கொண்டு அந்தச் செம்மண்ணில் போய் நின்றோம். நேர்ச்சாலையில் ஓட்டத் தெரிந்தால் மட்டும் அங்கே போதாது என்று முதல் பத்து நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது. தலை கூரையில் இடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டுதான் படிக்க முடிந்தது. வெல்வது பற்றி நாம் பேசியதே இல்லை. மாலை ஐந்து மணிக்கு முடிவுக்கோடு மூடப்படும். அதற்குள் கடந்தால் முடித்தவர்கள் பட்டியலில் பெயர் வரும். உனக்கு அது போதும். "லோரிக்காரன் பேரு சம்மன்ல மட்டும்தான் வரணுமா மச்சான்?" என்று விமானத்தில் கேட்டாய். சிரித்துக்கொண்டுதான் கேட்டாய்.

இரண்டு மணிக்குக் கணக்குப்படி சரியாக இருந்தோம். வழிப்புத்தகத்தின் அந்தப் பக்கத்தை இப்போதும் மனப்பாடமாகச் சொல்வேன். வலது பக்கம் கறுப்புக் கற்பரப்பு, கடினமான தரை, அதில் ஏறிச் செல்க. நான் படித்தேன்: "கறுப்புத் தரை, வலது பக்கம். கடினம். ஏறு."

நீ திருப்பிச் சொல்லவில்லை.

எதிரே அகலமாகக் கறுத்துக் கிடந்தது. உன் கை இடது பக்கம் திரும்பியது, வெளிறிய மணலை நோக்கி. முப்பது வருடம் உன்னை உயிரோடு வைத்திருந்த கை. நான் மறுபடி படித்திருக்க வேண்டும். உன் முகத்தைப் பார்த்தேன். ஓட்டுகிறவனுக்குத் தெரியாததா என்று வாயை மூடிக்கொண்டேன். இரண்டு விநாடி இருக்கும். பிறகு முன்சக்கரம் இறங்கியது, பின்சக்கரம் இறங்கியது, வண்டி அடிவயிறு மணலில் பட உட்கார்ந்தது.

டயர் காற்றை இறக்கினோம், பலகை வைத்தோம், மண்வெட்டியால் தோண்டினோம். தோண்டத் தோண்ட மணல் சரிந்து நிரம்பியது. நீ ஏறி மிதித்தபோது கிளட்ச் கருகும் வாடை வந்தது. உடனே நிறுத்திவிட்டு, "பாவம்லா, அது என்னா செய்யும்," என்று இறங்கி மறுபடி தோண்டினாய். மற்ற வண்டிகள் அந்தக் கறுப்புத் தரையில் நம் கண்ணெதிரே கடந்து போயின. ஒன்று, இரண்டு, ஐந்து. ஐந்தாவது போனபோது நீ மண்வெட்டியை ஊன்றி நின்று அந்தத் தரையையே பார்த்தாய். பிறகு நடந்து போய் அதன்மேல் நின்றாய். காலால் ஓங்கி மிதித்தாய். கல் கல்லாகவே இருந்தது. திரும்பி வந்தாய். மண்வெட்டியை மறுபடி எடுத்தாய்.

ஒருவழியாகச் சக்கரம் பலகையைப் பிடித்து வெளியே வந்து, முடிவுக்கோட்டை அடைந்தபோது மணி ஐந்து இருபத்தைந்து. கொடியைச் சுருட்டிக் கட்டிவிட்டார்கள். ராணி மட்டும் நின்றிருந்தாள். முதலில் நம் இருவரையும் பார்த்தாள், அடுத்து வண்டியை. சாவியை வாங்கி ஒரு சுற்று ஓட்டிவிட்டு இறங்கினாள். "கிளட்ச் நல்லாத்தானே இருக்கு. என்னாண்ணே ஆச்சு?"

"கறுப்பைப் பாத்தேன் தங்கச்சி. லம்பம்னு நெனச்சுட்டேன்," என்றாய். அவள் சாவியை உன் கையில் திருப்பி வைத்தாள்.

அன்று மாலை நான் ஈப்போவிலுள்ள என் நாளிதழுக்குச் செய்தி அனுப்பினேன். முப்பத்தெட்டு ஆண்டுத் தொழிலில் பெயர், வயது, நேரம் எதையும் ஒன்றுக்கு இரண்டு முறை கேட்காமல் எழுதாதவன், அன்று "கிளட்ச் பழுதடைந்ததால் பேராக் குழு பின்தங்கியது" என்று எழுதினேன். உன் மானம் காக்க எழுதியதாக அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன். நான் காத்தது என்னை. அந்தப் பக்கத்தைப் படித்தவனும் மறுபடி படிக்காதவனும் ஒரே ஆள் என்று யாருக்கும் தெரியக்கூடாது என்று நினைத்தேன்.

ஊர் திரும்பியபோது செய்தி நமக்கு முன்னால் வந்திருந்தது. ராணியின் பட்டறையில் குலை லோரிக்காரர் ஒருவர் என் காது கேட்கவே சொன்னார்: "அக்கா, ஒங்க கிளட்ச் பாலைவனத்துல பல்லைக் காட்டிருச்சாமே! நம்ம லோரிக்கு வேற ஆளைப் பாக்கவா?" அவள் சிரித்தாள். உடன் சிரித்தவர்களில் இரண்டு பேர் அதற்குப் பிறகு உண்மையிலேயே வேறு பட்டறைக்குப் போய்விட்டார்கள்.

நீ என்னைக் காப்பிக்கடைக்கு அழைத்தாய். நாளிதழை மேசையில் விரித்தாய். குரல் உயரவில்லை.

"வண்டி பேசாது. ராணி பேச மாட்டா. அதனாலதான் அதுங்க மேல எழுதிட்ட, இல்லியா?"

திருத்தம் போடு என்றாய். அடுத்த வாரம் என்றேன். ஆசிரியரிடம் கேட்டேன், பழைய விஷயம், யார் படிக்கப் போகிறார்கள் என்றார். நானும் அதை வற்புறுத்தவில்லை. அவர் அப்படிச் சொன்னது எனக்கு வசதியாக இருந்தது. நீ மூன்று முறை கேட்டாய். நான்காவது முறை கேட்கவில்லை. அந்தச் செய்தியை வெட்டி அட்டையில் ஒட்டி, ராணியின் பட்டறை வாசலில் ஆணியடித்து மாட்டினாய். கீழே தடித்த மார்க்கரில் உன் கோணல் எழுத்து: "கிளட்ச் நல்லா இருந்துச்சு. ஓட்டுனவன் தப்பு." அதன் கீழே உன் கையெழுத்து. அதற்கும் கீழே ஒரு விரற்கடை இடம் வெறுமையாக இருந்தது. அது யாருக்கு என்று நீ சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. பிறகு உன் சிறுநீரகம் கெட்டு, நீ டயாலிசிஸ் நாற்காலியில் இருக்க நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாதங்களில்கூட நாம் அதைப் பேசவில்லை. நீ மழையைப் பற்றிப் பேசினாய், பேரனைப் பற்றிப் பேசினாய்.

நேற்று வழிப்புத்தகத்தோடு பட்டறைக்குப் போனேன். ஞாயிறு பதிப்புக்காக எழுதிய திருத்தத்தை ராணியிடம் நீட்டினேன். இப்போதைய ஆசிரியர் மறுப்பு சொல்லவில்லை. நீ இறந்துவிட்டாய் என்றதும் எழுந்து நின்றார். ராணி கண்ணாடி போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தாள். ஓட்டுநர் தரையைத் தவறாகக் கணித்தார், வழி படித்தவர் வழிக்குறிப்பை மறுமுறை சொல்லவில்லை, இயந்திரத்தில் எந்தக் குறையும் இல்லை என்று எழுதியிருந்தேன்.

"அண்ணன் தப்பை முன்னால போட்டிருக்கீங்க," என்றாள். "அவரு ஆறு வருசத்துக்கு முன்னாடியே சொல்லிட்டாரு. மொதல்ல ஒங்களை எழுதுங்க."

அங்கேயே, அவளுடைய மேசையில், வரிசையை மாற்றி எழுதினேன். வாசலுக்கு வந்து அட்டையின் கீழே கையெழுத்துப் போட்டேன். வெயிலில் உன் மை வெளுத்திருந்தது. என்னுடையது கன்னங்கறுப்பாக, உன் பெயருக்குக் கீழே நேற்று முளைத்ததுபோல் தெரிந்தது. நேற்று முளைத்ததுதானே.

புறப்படும்போது வழிப்புத்தகத்தை அவளிடம் கொடுக்கப் பார்த்தேன். வாங்கவில்லை. அதனால் அது என் காரில், முன்னிருக்கையில் இருக்கிறது. வீடு திரும்பும் வழியில் சிவப்பு விளக்கில் நின்றபோது அந்தப் பக்கத்தைத் திறந்து சத்தமாகப் படித்தேன். கறுப்புத் தரை, வலது பக்கம். கடினம். ஏறு. பதில் வரவில்லை.

மறுபடி படித்தேன்.