இடப்பக்கம் ஏறும் மரை

மஸ்கெலியா
ஐப்பசி, 1961

அன்பு அண்ணன் முத்துலிங்கத்துக்கு,

தம்பி வீரய்யா எழுதிக்கொள்வது. அம்மா சுகம். முட்டி வலி மட்டும் இருக்கிறது, மழை விட்டால் அதுவும் போய்விடும். வவுனியா வெயிலில் நீ மிளகாய்க்குத் தண்ணீர் கட்டுகிறாய் என்று நினைத்தால் அம்மாவுக்குச் சோறு இறங்குவதில்லை. எனக்கு இறங்குகிறது. ஆயுத பூசை முடிந்ததிலிருந்து நன்றாகவே இறங்குகிறது.

பெக்டரியில் உன்னை மேய்த்த கந்தப்பன் பாஸ் மாட்டிக்கொண்டான்.

நான் பஸ் கிளீனர் வேலையை விட்டது உனக்குத் தெரியாது. கண்டக்டர் என்மேல் கையை நீட்டினான், நானும் நீட்டினேன். இப்போது மக்பூல் நானாவின் பட்டறையில் இருக்கிறேன். பட்டறைக்குப் பின்னால் அம்மாவுக்கும் எனக்கும் ஒரு அறையும் கொடுத்திருக்கிறார். தோட்டத்து பெக்டரியில் நீ ஓட்டிய அதே சாதிச் சின்னக் கடைசல் லேத் நானாவிடம் இருக்கிறது. ஆனால் உளியைப் பிடிக்கும் ஹோல்டர் ஒன்றுகூட இல்லை. உளி மாற்றும்போதெல்லாம் அடியில் தகரத்துண்டு வைத்து, எடுத்து, மறுபடி வைத்து, நுனியைக் கம்பியின் நடுமட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். வேலையைவிடத் தகரம் அடுக்குவதுதான் அதிகம். நானே ஹோல்டர் செய்கிறேன் என்றேன். நானா சிரித்தார். "அரநாள் இஸ்கோல்ல ஈக்க ஏலாதவன், மாசக்கணக்கா இரும்ப ராவப் போறியா மகன்" என்றார்.

அரமெடுத்து ராவினேன். உடைந்த லொறி அச்சைக் கொல்லனிடம் கொடுத்துச் சதுரக் கட்டைகளாக அடித்து வாங்கினேன். கட்டையை லேத்தின் நகரும் வண்டியில் இறுக்கி, வெட்டும் பல்லைச் சுழலும் வாயில் மாட்டி, லேத்தில் உட்காரும் பின்பக்கக் காடியை வெட்டினேன். முதல் கட்டையின் காடி தளர்ந்துவிட்டது. உளி இரும்பில் பட்டதும் ஹோல்டர் துள்ளி, கடைந்துகொண்டிருந்த புஷ்ஷைக் கடித்துவிட்டது. நானா சிங்களத்திலும் தமிழிலும் திட்டினார். அடுத்த கட்டைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி, மையைத் தடவிப் பொருத்திப் பார்த்து, ஒட்டுகிற இடத்தை மட்டும் ராவி எடுத்தேன். அது கிளிக்கென்று உட்கார்ந்தது. நீ பக்கத்தில் இருந்திருந்தால் கையால் தடவிப் பார்த்திருப்பாய்.

கடைசி ஹோல்டரில்தான் விசயம். உயரத்தை ஏற்றி இறக்கும் திருகாணியின் மரையை வேண்டுமென்றே எதிர்ப்பக்கமாக வெட்டினேன். உனக்கு நினைவிருக்கும். பெக்டரி ஹோல்டர் ஒன்றில் மரை தேய்ந்துபோய், நீ புதிதாக வெட்டியபோது பல்சக்கரம் மாறி விழுந்து, மரை தலைகீழாக வந்துவிட்டது. மற்றதெல்லாம் வலப்பக்கம் திருகினால் ஏறும், அது மட்டும் இடப்பக்கம் திருகினால் ஏறும். வேறு இரும்பு தரமாட்டேன் என்று கந்தப்பன் சொன்னதால் அதையே வைத்து ஓட்டினாய். பெக்டரியைப் பார்க்கும் டீமேக்கர் ஐயா வந்து பார்த்து, "ஆளும் எடக்கு, மரையும் எடக்கா" என்று சிரித்தார். நான் உனக்குச் சோறு கொண்டுவந்து நின்றிருந்தேன்.

அதன் பிறகு அதுவும் மற்ற ஹோல்டர்களும் காணாமல் போயின. நீ திருடி விற்றுவிட்டாய் என்றான் கந்தப்பன். அவன் பாஸ், நீ கூலி. டீமேக்கர் நம்பினார், வேலையிலிருந்து நிறுத்தும் பத்துச்சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். லயத்தில் நாம் இருந்த காம்பிராவைக் காலி பண்ணி, அம்மா சட்டி பானையை ரோட்டோரம் மழையில் அடுக்கினாள். கந்தப்பன் குடை பிடித்துக்கொண்டு நின்று சாவியை வாங்கினான். அண்ணே, எனக்கு அந்தக் குடையின் கம்பிகள்கூட நினைவிருக்கின்றன.

அடுத்த மாதமே அவன் மச்சான் ஆண்டியப்பன் அட்டனில் லேத் பட்டறை திறந்தான். அப்போதே நமக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? பெட்டிக்குள் பூட்டி வைத்திருப்பான், கேட்டால் கொழும்பில் வாங்கினேன் என்பான்.

இனி கேள். எதிர்மரை போட்ட என் ஹோல்டரைக் கொஞ்ச நாள் ஓட்டினேன். ஒருநாள் பேசிக்கொண்டே திருகினேன். கை தானாக இடப்பக்கம் போனது. யோசிக்கவே இல்லை. நானா அதைத் தொட்டபோது வலப்பக்கம் திருகி, இறங்குகிறதே என்று ஏசினார். அந்த இடத்திலேயே லேத்தை நிறுத்திவிட்டேன். அந்தத் திருட்டு ஹோல்டரை எவன் ஓட்டுகிறானோ அவன் கை இந்நேரம் பழகியிருக்கும். வாய் பொய் சொல்லும், கை சொல்லாது.

ஆயுத பூசைக்குப் பட்டறையில் ஒரு சாமானையும் ஒளிக்க மாட்டார்கள். சந்தனம் படாத ஆயுதம் ஆளை வெட்டும் என்ற பயம் கந்தப்பனுக்கும் அவன் மச்சானுக்கும் உண்டு. பூசையில் வைத்ததை மறுநாள் காலை கற்பூரம் காட்டும்வரை அசைக்கவும் மாட்டார்கள். பிறகு லேத்தை ஓட்டி இரும்பில் முதல் சீவல் எடுப்பார்கள். அந்த நேரம் போதும் எனக்கு.

பெக்டரி லேத்துக்கு ஹோல்டர் வாங்க டீமேக்கர் ஐயாவே நானாவிடம் வந்திருந்தார். நான் செய்ததைக் காட்டினேன். வாங்குவதற்கு முன் அட்டனில் இருப்பதையும் ஒருதரம் பாருங்கள் ஐயா, விசயதசமி காலையில் போவோம் என்றேன். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. மீசை வந்துவிட்டதல்லவா.

போனோம். ஊதுபத்தி, பொரிகடலை, லேத்தின் கழுத்தில் மாலை. மச்சான் பட்டறைப் பூசைக்கு வந்திருந்த கந்தப்பன் சந்தனத் தட்டோடு நின்றான். டீமேக்கரைக் கண்டதும் தட்டைக் கீழே வைத்தான். ஹோல்டர்கள் வரிசையாகப் பொட்டு வைத்து உட்கார்ந்திருந்தன. எடுத்து ஒளிக்க முடியாது, எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆண்டியப்பனுக்கு டீமேக்கரைத் தெரியாது. பெரிய ஆள் வந்திருக்கிறார் என்று சந்தோசமாகக் கற்பூரம் காட்டி, முதல் சீவலுக்கு ஒரு ஹோல்டரில் உளியை மாட்டினான். கந்தப்பன் குறுக்கே வந்து, "இருங்க மச்சான், வேற ஹோல்டர் போடுங்க" என்றான். எது அந்த ஹோல்டர் என்று அவனே காட்டிக்கொடுத்துவிட்டான், நான் விடவில்லை.

"அதையே கொஞ்சம் ஏத்திக் காட்டுங்கண்ணே. ஐயா பாக்கணுமாம்."

ஆண்டியப்பன் டீமேக்கரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே திருகினான். இடப்பக்கம். உளி ஏறியது.

டீமேக்கர் கிட்டே போய்த் தானே ஒருதரம் திருகினார். வலப்பக்கம் இறங்கியது, இடப்பக்கம் ஏறியது. விரலில் ஒட்டிய சந்தனத்தைத் துடைக்காமல் கந்தப்பனைத் திரும்பிப் பார்த்தார். "இது முத்துலிங்கம் வெட்டுன மரைடா" என்றார். அப்போதுதான் நான் யாரென்று சொன்னேன். கந்தப்பன் என் காலைப் பார்த்தான், முகத்தைப் பார்க்கவில்லை.

நேற்று அவன் பெண்சாதி நாகலெட்சுமி வந்து அம்மா காலில் விழுந்தாள். நாலு பிள்ளைகளோடு எங்கே போவது என்று அழுதாள். ரோட்டோரம் இடம் இருக்கிறது, எங்க அம்மாவுக்குத் தெரியும், கேட்டுக்கொள் என்றேன். அம்மா என்னை அறைந்தாள். அறைந்துவிட்டு அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். எனக்குக் கொடுக்கவில்லை.

இன்னும் அவனுக்குப் பத்துச்சீட்டுக் கொடுக்கவில்லை. தோட்டத்துத் துரையிடம் சொல்லியாகிவிட்டது, பொலிசுக்குப் போவதா, தோட்டத்தை விட்டு விரட்டுவதா, முத்துலிங்கம் சொல்லட்டும் என்கிறார் டீமேக்கர். உன் வேலை உனக்கு உண்டு, காம்பிராவும் உண்டு என்றும் சொல்லச் சொன்னார்.

உன்னை எனக்குத் தெரியும். போனால் போகிறான், பிள்ளைகுட்டிக்காரன் என்று நாலு வரி எழுதிப் போடுவாய். போடாதே. தபாலில் வரும் மன்னிப்பை நான் டீமேக்கரிடம் கொண்டுபோக மாட்டேன், அடுப்பில் வைப்பேன். விரட்டு என்று ஒரு சொல் எழுது, அதைக் கையோடு கொண்டுபோகிறேன். இல்லை, மன்னித்தே தீர்வேன் என்றால் ரயிலேறி வந்து, அம்மாவுக்கு முன்னால் நின்று, உன் வாயால் சொல். அப்போது நான் ஒன்றும் பேச மாட்டேன்.

அம்மா உன் தட்டைக் கழுவி, என் தட்டுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருக்கிறாள்.

உன் பாதம் தொட்டு,
தம்பி வீரய்யா